விருப்பப் பாடப் பட்டியலும் பெசன்ட் நகர் பால்கனியும்

எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி சென்ற திங்கட்கிழமை ஒரு தாளை என் மேசைமேல் வைத்தாள். கட்டமைப்புப் பொறியியலில் எம்.இ. படிக்கிறாள். அடுத்த பருவத்துக்கு மூன்று விருப்பப் பாடங்களைக் குறித்து வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டுமாம்.

"உயரமான கட்டடங்கள், பாலங்கள், பிரீஸ்ட்ரெஸ்ட் கான்கிரீட் எடுக்கலாமா மேடம்? வேலைக்கு இதைத்தானே கேட்பார்கள்?"

நானும் ஏறக்குறைய இவற்றைத்தான் எடுத்தேன். என் பட்டியலின் கடைசியில் கட்டடப் பழுதும் சீரமைப்பும் என்று ஒரு பாடம் இருந்தது. பழைய சுவரைப் பூசுவதற்கு ஒரு பருவமா என்று தாண்டிப் போய்விட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம் பெசன்ட் நகரில், கடலுக்கு மிக அருகில் இருந்த ஒரு குடியிருப்புக்குப் போனோம். மூன்றாம் மாடி பால்கனியின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து, கீழே நின்ற ஸ்கூட்டர்மேல் விழுந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் கம்பி தடித்து, செதில் செதிலாக உரிந்தது. உடன் வந்த மூத்த பொறியாளர் சுற்றிலும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பாதி இடத்தில் பொள்ளல் ஓசை, உள்ளே கான்கிரீட் விட்டுப்போயிருந்தது. பிறகு, உடைத்த புதுப் பரப்பில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தார். பளிச்சென்று இளஞ்சிவப்பானது. இளஞ்சிவப்பானால் காரத்தன்மை இருக்கிறது, ஆகவே கான்கிரீட் கம்பியைக் காக்கிறது என்றுதான் நான் படித்திருந்தேன்.

"பிறகு ஏன் சார் துருப்பிடித்தது?"

கடற்காற்றோடு வரும் குளோரைடு, காரம் குறையாதபோதே கம்பியின் பாதுகாப்புப் படலத்தை உடைத்துவிடும் என்றார். நிறச் சோதனை அதைக் காட்டாது. தூள் எடுத்து ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். அங்கே கம்பிக்கு வெளியே இருந்த கான்கிரீட் 15 மி.மீ. மட்டுமே. ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியக் கான்கிரீட் நெறிமுறை கடலோரச் சூழலுக்குக் கேட்பது 45 மி.மீ., எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட். "பூசிவிட்டால் போதாதா?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது, போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். குளோரைடு ஏறிய பழைய கான்கிரீட்டை விட்டுவைத்து ஓட்டையை மட்டும் அடைத்தால், ஒட்டின் விளிம்பைச் சுற்றியே துரு வேகமெடுக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கீழே ஸ்கூட்டருக்குப் பதில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதனால் அவளிடம் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னேன்: அலுவலகம் கற்றுக்கொடுக்கும் பாடத்துக்குக் கல்லூரியின் இடத்தைக் கொடுக்காதே. ஈடேப்ஸ், ஸ்டாட் போன்ற கட்டடக் கணக்கீட்டு மென்பொருள்களெல்லாம் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். பத்துத் தளக் கட்டடத்தின் வரைபடத்தைப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழகலாம். அதிர்வில் கட்டடம் எப்படி ஆடும் என்று கற்றுத்தரும் அதிர்வியக்கவியலை அப்படிப் பழக முடியாது. 2002இல் சென்னை நிலநடுக்க மண்டலம் 2இலிருந்து, ஆபத்து கூடிய 3க்கு மாறியது. லிஃப்ட் சுவரை ஒரு மூலையில் தள்ளிவிட்டு, கீழே கார் நிறுத்தத் தூண்களை மட்டும் நிறுத்தினால், முதல் அதிர்விலேயே கட்டடம் முறுக்கிக்கொள்ளக்கூடும். மென்பொருள் அதை எண்ணாக அச்சிட்டுத் தரும். அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியது நாம்.

மண் பற்றிய பாடமும் அப்படியே. அடித்தள மண்ணின் உறுதியைச் சோதிக்க, 63.5 கிலோ சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுகிறார்கள். சதுப்பை ஒட்டிய வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து மென்களிமண்ணில் அறிக்கையில் 2, 3 என்று வந்தால் ஆழத்துக்கு இறக்கும் பைல் அடித்தளம் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும். பாலம் கட்டுவதே கனவென்றால் பாலப் பாடத்தைத் தாராளமாக எடுக்கட்டும். அவளுக்கு அப்படிக் கனவு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

"சீரமைப்புப் பாடத்தில் மதிப்பெண் குறையும் என்கிறார்கள் மேடம்" என்றாள் தயங்கி. கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் பெண். அந்தக் கவலையைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை திருவான்மியூரில் ஒரு பழைய கட்டடத்தை ஆய்வு செய்யப் போனபோது அவளையும் அழைத்துப் போனேன். கரைசல் புட்டியை அவள் கையில் கொடுத்தேன். உடைத்த தூணில் தெளித்தாள். நிறம் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே கொத்தச் சொல்லி மறுபடி தெளித்தாள், அப்போதும் மாறவில்லை. என்னிடம் எதுவும் கேட்காமல் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, ஆழத்தை அளக்கத் தொடங்கினாள்.