விறகுக் கொக்கி ஒரு வழியாகக் கவ்வுகிறது

சீமைக்கருவேல அடிமரம், பச்சை, 18 இஞ்ச் நீளம், 10 இஞ்ச் விட்டம். ஒரு துண்டு 25 கிலோ பக்கம் வரும். நீளக் காம்பு போட்ட கொக்கியால் நின்ற நிலையிலேயே கொத்தி, இழுத்து, பிளக்கும் கட்டையின் (விறகை மேலே நிறுத்திப் பிளக்கும் அடிக்கட்டை) விளிம்பில் ஒரு முனையைச் சாய்த்து, மறுமுனையைக் கொக்கியால் தூக்கினால் தானாக மேலே ஏறி உட்காருகிறது. கையில் வருவது பாதி எடைதான், இடுப்பும் வளையவில்லை. இதற்கு முன் அடித்த மூக்குகள், அதாவது மரத்தில் இறங்கும் இரும்பு அலகுகள், ஒன்று வழுக்கின, இல்லாவிட்டால் மடங்கின. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கோடாலி வீச்சு தோளைத்தான் கேட்கும். முதுகை எடுப்பது குனிந்து நிமிர்வது. அறுத்த இடத்தில் ஒரு குனிவு, பிளக்க வைக்கும்போது ஒன்று, பிளந்து சிதறியதைப் பொறுக்க ஒன்று, வண்டியில் ஏற்ற, இறக்க, அடுக்க என்று ஒரே துண்டுக்கு ஐந்தாறு ஆகிவிடும். இதில் எத்தனையை வெட்ட முடியும் என்பதுதான் கணக்கு. கனத்தைக் குறைக்க முடியாது, அது மரத்தோடு வந்தது.

கொக்கிக்கு வருவோம். காம்புக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள கோணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சரியாக 90 டிகிரி வைத்தால் கொத்தும்போது நன்றாக இறங்கும். ஆனால் காம்பு வழியே இழுக்கும்போது முனை பிடிப்பதற்கு எதிர்ச்சாய்வு கிடையாது, கழன்று வந்துவிடும். கைப்பக்கமாக 60 டிகிரிக்கு வளைத்துவிட்டால் இழுவைக்கு அருமை, ஆனால் கொத்தவே முடியாது. வீச்சு வட்டமாக வருகிறது, முனையும் அந்த வட்டத்தின் போக்கிலேயே மரத்தைத் தொட வேண்டும். அதிகமாக உள்ளே மடங்கிய மூக்கு மரத்தில் சாய்வாகப் பட்டு எகிறும், எகிறினால் அடுத்து முழங்கால்தான். இப்போது உள்ளது 75-க்கும் 80-க்கும் நடுவில். அதிலும் முழு மூக்கையும் வளைக்கவில்லை. மொத்தம் மூன்றரை இஞ்ச் நீளத்தில் முதல் இரண்டு இஞ்ச் நேராகப் போய், கடைசி ஒன்றரை இஞ்ச் மட்டும் கைப்பக்கம் திரும்புகிறது. வளைவைக் காம்போடு சேரும் வேரிலேயே கொடுத்தால் மூக்கின் முதுகு கட்டையில் இடித்து, முனை இறங்க இடம் கொடுக்காது.

முனையை ஊசியாகக் கூர் தீட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். உருண்டை ஊசி முனை மரத்தின் வைரத்தில், அதாவது கெட்டியான நடுப்பகுதியில், போய்ச் சிக்கிக்கொள்கிறது, பக்கவாட்டில் திருப்பினால் முறிகிறது. நாலு பட்டையாக, குட்டையான கூம்பாகத் தேய்த்தால் அரை சென்டிமீட்டர் இறங்கினாலே போதும், பிடி கிடைக்கும். விடுவிக்கக் காம்பை முன்னால் தள்ளிக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். தள்ளியும் விடவில்லை என்றால் முனை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கொத்த வேண்டிய இடம் அறுத்த முகம். பட்டையில் கொத்தினால் பச்சை மரத்தில் பட்டை உரிந்து கொக்கியோடு வரும், கட்டை அங்கேயே கிடக்கும். காய்ந்த வைரத்தில் பக்கவாட்டில் முனை இறங்கவே இறங்காது, அதற்கும் முகம்தான் வழி.

இரும்பு விஷயம். தேய்ந்துபோன கோடாலியை வெட்டி மூக்காக்குவதுதான் சுலப வழி, காம்பு நுழையும் கண் தயாராக இருக்கும். ஆனால் நாட்டுப் பட்டறைக் கோடாலியில் பல சமயம் வாய்ப்பகுதியில் மட்டும்தான் எஃகு வைத்து அடித்திருப்பார்கள், உடம்பெல்லாம் மெத்து இரும்பு. தீட்டித் தீட்டித் தேய்ந்த கோடாலியில் அந்த எஃகு பெரும்பாலும் போயிருக்கும். மூக்கு பார்க்க அழகாக இருக்கும், இரண்டு கனமான கட்டையை இழுத்ததும் நிமிர்ந்துவிடும். அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் எஃகு, வெண்ணெயாகக் கடித்தால் காயலான் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். பிக்காசின் ஒரு கையை வெட்டியும் செய்யலாம்தான், ஆனால் தலை கனம். கொக்கித் தலை ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த உழைப்பு மணிக்கட்டில் போய்விடும்.

கடைசியில் சரிவந்தது லாரி ஸ்பிரிங் பட்டை. அரிவாளுக்கு அடிக்கிற அதே பட்டைதான், திருப்பாச்சேத்திப் பக்கம் பட்டறைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது தோய்ச்சலைப் பற்றி மட்டும், அதாவது பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிர்விப்பது. ஸ்பிரிங் எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விட வாய்ப்பு அதிகம், எண்ணெயில்தான் தோய்க்க வேண்டும். தோய்த்த கையோடு விட்டுவிட்டால் முனை கண்ணாடிபோல் உடையும். முகத்தைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, வேர்ப்பக்கமிருந்து மெதுவாகச் சூடு காட்டினால் நிறம் ஓடி வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். அரிவாள் வாய்க்கு மஞ்சளில் நிறுத்துவார்கள். கொக்கி முனைக்கு ஊதா தாண்டி நீலம் தொடும்போது நிறுத்தச் சொல்லுங்கள். கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், பரவாயில்லை, அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். முறிந்த முனையை என்ன செய்வது? பிறகு கிரைண்டரில் தேய்க்கும்போது சூடு நீலத்தையும் தாண்டிவிடாமல் அடிக்கடி தண்ணீரில் நனைப்பது உங்கள் பொறுப்பு.

காம்பு கருவேலம், நாட்டுக் கருவேலம். கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் முனை தரையில் கிடக்கும் கட்டையைத் தொட வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு 34 முதல் 36 இஞ்ச். டிராக்டர் டிரெய்லரில் நின்று இழுத்துப் போட 2 அடிக் காம்பு தனியாக ஒன்று போட்டால் சௌகரியம். வேலை முடிந்ததும் முனையில் ஒரு துண்டு ஹோஸ் பைப்பைச் செருகிவிடுங்கள்.

பொறுக்குகிற குனிவை ஒழித்தது பழைய கார் டயர். பிளக்கும் கட்டையின் மேல் டயரைப் படுக்க வைத்து, கீழ்ப்பக்கச் சுவர் வழியாக நாலு ஸ்க்ரூ, பெரிய வாஷரோடு. கட்டையைச் சுற்றிலும் வளையம் இருப்பதால் பிளந்த துண்டுகள் நின்றபடியே நிற்கும், சுற்றி நடந்து அடித்துக்கொண்டே போகலாம். அப்படியே அள்ளி வண்டியில். 13 இஞ்ச் டயரின் வாய்க்குள் 10 இஞ்ச் கட்டை ஒன்று, அல்லது சின்னது மூன்று நாலு சேர்த்து நிறுத்தலாம். சின்னதுகளை இறுக்கமாக அடைத்தால்தான் பிளக்கும், தளர்வாக இருந்தால் ஆடும். துண்டு டயரைவிட ஒரு சாண் உயரமாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கோடாலி ரப்பரில் பட்டுத் துள்ளும். கீழ்ச்சுவரில் 12 மி.மீ. துளை ஏழெட்டுப் போட மறக்க வேண்டாம். மழைத் தண்ணீர் தேங்கிய டயர் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில். டயருக்குள் அடங்காத பெரிய கட்டைக்கு ஒரு சங்கிலியும் இழுவைக்கு ஒரு பைக் டியூப் துண்டும் சேர்த்துக் கட்டையின் இடுப்பில் சுற்றினால் அதே வேலை நடக்கும்.

பிளக்கும் கட்டையின் உயரம் ஓர் அடி. அதன்மேல் ஒன்றரை அடித் துண்டு நின்றால், கோடாலி படும்போது காம்பு தரைக்கு இணையாக வருகிறது. அதற்கு மேல் உயர்த்தினால் வீச்சு வேகம் எடுப்பதற்குள் அடி விழுந்துவிடும். அடியின் பலம் வேகத்தின் இருமடிப் பெருக்கம், எடைக்கு ஒரு மடங்குதான். அதனால் 8 பவுண்டு சம்மட்டிக் கோடாலி வாங்கி மூச்சு வாங்குவதைவிட 5 பவுண்டை வேகமாக இறக்குவது மேல். கணு உள்ள, முறுக்கிய துண்டை இதில் அடித்து வீணாகக் கை வலிக்கவிட வேண்டாம். இரும்பு ஆப்புதான், அதுவும் ஏற்கெனவே விட்டிருக்கும் வெடிப்பில்.

அறுப்புக்குச் சவுக்குக் கம்பில் பெருக்கல் குறிக் குதிரை (அறுக்கும் மரத்தைத் தாங்கும் சட்டம்) எல்லோரிடமும் இருக்கும். சீமைக்கருவேலத்தில் பாதிக்கு மேல் 2, 3 இஞ்ச் வளைந்த கிளைகள்தான் என்பதால் பெருக்கல் குறி உதவாது, ஒவ்வொன்றாக வைத்து எடுப்பதே தனி வேலை. அதற்குப் பதில் நேராக நிற்கும் கால்கள் நாலு ஜோடி, ஜோடிக்கு ஜோடி 18 இஞ்ச். குறுக்குச் சட்டம் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. நடுவில் கிளைகளை அடைத்து ராட்செட் பெல்ட்டால் இறுக்கி, செயின்சாவை ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு தரம் இறக்கினால் பத்துப் பன்னிரண்டு துண்டு ஒன்றாக விழும். பெல்ட் இடைவெளிக்கு ஒன்று வேண்டும், ஒரே பெல்ட் போட்டால் வளைந்த கிளை சுழன்று செயினைக் கவ்வும். கட்டு இடுப்புக்கு மேல் உயரக் கூடாது, சாவைத் தோள் அளவுக்குத் தூக்குவதும் குனிவதும் ஒன்றுதான். அறுபடுவது தூளாக வர ஆரம்பித்தால் செயின் மழுங்கிவிட்டது, அழுத்தாமல் நிறுத்தி அரம் போடுங்கள். 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. அரம், 30 டிகிரி. மண் ஒட்டிய அடிமரத்தை முதலில் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பது அரம் போடுவதைவிடச் சீக்கிரம் முடியும்.

விறகை அடுக்கும் அட்டிக்கு அடியில் ஹாலோ பிளாக், மேலே இரண்டு நீளக் கம்பு. கரையானுக்காகச் செய்வது, ஆனால் அடிவரிசை ஓர் அடி உயர்ந்துவிடுவதால் மோசமான குனிவும் போகிறது. நெஞ்சு உயரத்தோடு நிறுத்த வேண்டும். கனமானது முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில், சில்லறை மேலேயும் கீழேயும். தை, மாசியில் பிளந்து அடுக்கியது ஆடிக் காற்று முடியும்போது காய்ந்திருக்கும். ஐப்பசிக்கு முன் மேலே மட்டும் தகரம், பக்கங்களை மூடினால் பூஞ்சணம். எடுக்கும்போது முதல் துண்டைக் கொக்கியால் புரட்டிவிட்டுக் கை வையுங்கள். தேளும் கட்டுவிரியனும் குடியிருக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பாக்கி இருப்பது வண்டி. கொத்தனார் ஒற்றைச் சக்கர வண்டியில் 60 கிலோ ஏற்றினால், சுமை அச்சிலிருந்து 40 செ.மீ., கைப்பிடி 130 செ.மீ. என்று வைத்தால் கைக்கு 18 கிலோ வருகிறது, போதாததற்குப் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கவும் வேண்டும். இரட்டைச் சக்கரம் போட்டு அச்சைச் சுமைக்கு நேர் கீழே கொண்டுவந்தால் கைக்கு மூன்று நாலு கிலோ போதும், வரப்பில் போகாது என்பது மட்டும்தான் குறை. காற்று டயர் மணலில் உருளும், ஆனால் வேலிமுள் இருக்கிற காட்டில் ஒரு நடைக்கு ஒரு பஞ்சர். கெட்டி ரப்பர் பஞ்சராகாது, மணலில் உழும். பழைய டயரின் கம்பி ஓரத்தை வெட்டிவிட்டு உள்ளே இன்னொரு அடுக்காகச் செருகிய காற்று டயரைத்தான் போட்டுப் பார்க்கப் போகிறேன். அச்சு 20 மி.மீ. கம்பி, 6204 பேரிங் அதில் அப்படியே உட்காரும். ஹப் கடைந்து தர லேத்தில் நேரம் கேட்டிருக்கிறேன்.