குமுளி மலையில் ஒரு எம்.ஜி. டி.டி.

எம்.ஜி. டி.டி. என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கை வைக்க நினைக்கிறவர் முதலில் அதன் எஞ்சின் போல்ட்டுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்துக் கார் என்பதால் மரை இஞ்சுக் கணக்கில்தான் இருக்கும் என்று எந்த மெக்கானிக்கும் நினைப்பார். போல்ட் தலையில் விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து இஞ்சு அளவு ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும்போது அந்த நினைப்பு இன்னும் உறுதியாகிவிடும். ஆனால் தண்டில் வெட்டியிருப்பது மெட்ரிக் மரை. பெரும்பாலான இடங்களில் 8 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். கடையில் கிடைக்கும் சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டின் பிட்ச் 1.25, அதுவும் சேராது.

காரணம் ஒரு பழைய ஆலை. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஆலை போட்டது. அங்கிருந்த இயந்திரங்கள் எல்லாம் பிரெஞ்சு அளவுக்கானவை. 1923-இல் எம்.ஜி.க்கும் சொந்தக்காரரான கார் முதலாளி வில்லியம் மோரிஸ் அந்த ஆலையை வாங்கி, அதே மரையிலேயே எஞ்சின்கள் செய்ய ஆரம்பித்தார். ஊர் ஊராக இருந்த பட்டறைகளில் விட்வொர்த் ஸ்பேனர்தான் இருந்ததால் தலையை மட்டும் அந்த அளவில் வைத்தார்கள். அந்தப் பழக்கம் டி.டி.யின் எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சின் வரைக்கும் வந்தது.

எனக்குக் குமுளியில் லேத்துப் பட்டறை. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. ஏலக்காய் ஸ்டோர்களுக்கு ஷாஃப்ட், புஷ். வண்டிப்பெரியாறு டீ ஃபேக்டரிகளுக்கு ரோலர் சாமான். கம்பம், கூடலூரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்புகளுக்கு ஒடிந்தது, தேய்ந்தது எல்லாம். அதனால்தான் இந்தக் கார் என்னிடம் வந்தபோது பெயிண்டையோ சீட்டையோ பார்க்கவில்லை. வாட்டர் பம்ப் போல்ட் ஒன்றைக் கழற்றி, பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தேன். 5/16 இஞ்சு போல்ட்டை யாரோ முறுக்கி ஏற்றியிருந்தார்கள். 5/16 இஞ்சு என்பது 7.94 மில்லிமீட்டர். ஒன்றிரண்டு சுற்று பிசகில்லாமல் போகும், அப்புறம் இறுகும். இறுகுகிறதே என்று நீள ஸ்பேனர் போட்டு இழுத்தால் பிளாக்கில் இருக்கும் மரையை அறுத்துக்கொண்டு உள்ளே போய் உட்காரும். எஞ்சினைச் சுற்றிலும் இதே கதை.

கெட்டுப்போன ஓட்டைகளை எல்லாம் பெரிதாக்கி, உள்ளே மரை வெட்டிய புஷ்களை இறக்கினேன். போல்ட்டுகளை நானே கடைந்தேன். அப்பாவின் லேத்தில் மரை வெட்டும்போது உளியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு நான்கு மரை. அதில் சுத்தமான மெட்ரிக் மரை வெட்ட வேண்டுமென்றால் 127 பல் கியர் வேண்டும். ஓர் இஞ்சு 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127; முழு எண்ணாக வரும் மிகச் சிறிய கணக்கு அதுதான். அந்தக் கியரை அப்பா எப்போதோ வாங்கி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். தலையை விட்வொர்த் அளவுக்கே மில்லிங் செய்தேன். அது என் பிடிவாதம். எம்.ஜி. ஆலை இருந்த அபிங்டனிலிருந்து வந்தபோது எந்த ஸ்பேனர் பொருந்தியதோ அதுவேதான் இனியும் பொருந்த வேண்டும்.

கார் வந்த வழியைச் சொல்கிறேன். டி.டி. 1949 கடைசியிலிருந்து 1953 வரை செய்யப்பட்டது, மொத்தம் 29,664. பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போனது. இந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் துரைமாரோடு வந்தவை மிகக் கொஞ்சம். அப்படி வந்த இந்தக் காரை, எழுபதுகளில் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் ஃபேக்டரி டீமேக்கருக்கு விற்றார். டீமேக்கர் ஐயா மலையாளி, ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்களோடு வாழ்நாள் முழுக்கப் பேசிப் பழகிய நல்ல தமிழ். வயது தொண்ணூறை நெருங்குகிறது. கொச்சியிலிருந்து வந்த ஒருவர் என்னைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்றிருக்கிறார்.

"அவங்க ஹோட்டல் வாசல்ல நிறுத்தி வைக்கக் கேட்டாங்க. நீ என்ன செய்வ?" என்றார் ஐயா.

"ஓட்டுவேன் ஐயா. லோயர் கேம்ப் வரைக்கும் இறக்கி ஏத்துவேன்."

"ஃபர்ஸ்ட் கியர் தெரியுமா?"

"பழைய மூணு கியர் ஜீப்பில பழகினவன் ஐயா."

அதோடு விலை பேசி முடித்தார். அந்தப் பதில்தான் அவருக்கு வேண்டியிருந்தது. ஏனென்றால் டி.டி.யின் நான்கு கியரில் இரண்டு, மூன்று, நான்குக்குத்தான் பல்லின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் சின்க்ரோமெஷ். ஒன்றுக்குக் கிடையாது. வண்டி நகரும்போது ஒன்றாம் கியர் போட வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைத் தட்டி, மறுபடியும் கிளட்சை மிதித்துத் தள்ள வேண்டும். இரண்டு பக்கத்துப் பல்லும் ஒரே வேகத்துக்கு வந்தால் கியர் சத்தமில்லாமல் விழும். வராவிட்டால் அது போடும் சத்தம் நெஞ்சில் விழும். பழைய ஜீப்பின் முதல் கியரும் அப்படித்தான். இங்கே அறுபது வயதைத் தாண்டிய ஜீப் டிரைவர் யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டுவார். அந்தக் கால் பழக்கம் இந்த மலையில் இன்னும் உயிரோடு இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கியர் பாக்ஸ் நன்றாகவே இருந்தது. பேரிங்குகளை மட்டும் மாற்றினேன். நவீன ஐந்து கியர் பெட்டியை மாட்டிவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். வெளிநாட்டில் பலர் செய்கிறார்கள், நெடுஞ்சாலையில் எஞ்சினுக்கு நல்லதும்தான். எனக்கு நெடுஞ்சாலை இல்லை, மலைப்பாதைதான். இரண்டும் மூன்றும் சரியாக இருந்தால் போதும்.

உண்மையான வேலை மரத்தில்தான் இருந்தது. டி.டி.யின் சேசிஸ் இரும்பு. அதன் மேல் உட்காரும் பாடி, ஆஷ் மரச்சட்டத்தின் மேல் தகட்டை மடித்து ஆணி அடித்துச் செய்தது. பீர்மேட்டு மழையில் அந்தச் சட்டம் கீழேயிருந்து உளுத்துக்கொண்டே வந்திருந்தது. கதவு பின்பக்கம் கீல் போட்டது, முன்பக்கம் திறக்கும். கீல் நிற்கும் தூணின் அடி போனால் கதவு தொங்கும். கதவைத் தூக்கி அடைக்க அடைக்க மிச்சத் தூணும் போகும்.

கம்பத்தில் லாரி பாடி கட்டின ஆசாரி ஒருவரைத் தேடிப் போனேன். எழுபது வயதுக்காரர். "ஆஷ் நமக்குக் கிடைக்காதுண்ணே, தேக்கு போடலாமா?" என்று கேட்டேன். வண்டியைச் சுற்றி வந்து, ஒரு சில்லை எடுத்து வளைத்துப் பார்த்தார். "தேக்கு உறுதி, ஆனா ரொம்ப விறைப்பு தம்பி. இந்த மரம் வளைஞ்சு கொடுத்துத் திரும்புது பாரு. வெண்தேக்கு போடுவோம்" என்றார். லாரிக்குப் போட்டுப் பழகிய மரம். நன்றாக உலர்ந்ததாகப் பார்த்து வாங்கினோம்.

அவர் செய்த முறையை விரிவாகவே எழுதுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். முதலில் பாடிக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி வைத்து வெல்டு செய்து, உருக்குலையாமல் பூட்டினோம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சுவரில் எழுதி வைத்தார். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு துண்டு. உளுத்ததை எடுத்து, எதிர்ப்பக்கத்தில் நல்லதாக இருக்கும் துண்டைப் பார்த்து அட்டையில் வெட்டி, அட்டையைத் திருப்பிப் போட்டு மரத்தில் வரைவார். வெட்டிப் பொருத்தியதும் மூலைவிட்டத்தை மறுபடி அளப்பார். சுவரில் இருக்கும் எண் வராமல் அடுத்த துண்டுக்குப் போக மாட்டார். இரண்டு பக்கமும் உளுத்திருந்த இடங்களில், கதவை வைத்து, கதவு சொல்கிற இடத்தில் தூணை நிறுத்தினார். பசை, பித்தளைத் திருகு, அதற்கு மேல் தகடு. வெளியே தெரியாத அடிப்பக்கங்களுக்கு முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய். கேரளத்துப் படகுக்காரர்கள் மரத்துக்குப் பூசுவது அதுதான். கையில் பட்டால் கொப்புளம் வந்துவிடும், உறை மாட்டிக்கொண்டே செய்ய வேண்டும். கரையான் கிட்ட வராது.

கதவு முதன்முதலாக 'டக்' என்று அடைந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "இப்ப எஞ்சின போடு."

1250 சி.சி., 5,200 சுற்றில் 54 குதிரைத்திறன், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர். இந்த இரண்டையும் சமப்படுத்த, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் காற்றின் சீறலைக் கேட்க வேண்டும். இரண்டிலும் ஒரே சுருதி வரும்வரை திருப்ப வேண்டும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் இருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குவதாக மாற்றிவிட்டேன். பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும். ஒழுகும் பெட்ரோல் சைலன்சர் பக்கம் விழுந்தால் மரப் பாடியை அணைக்க முடியாது. இன்னொன்று, இந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும். புதிதாகத் தொடுகிற எலெக்ட்ரீஷியன் பார்க்கும்படி பேட்டரிப் பெட்டி மேலேயே எழுதி வைத்திருக்கிறேன். பின் மெயின் பேரிங்கில் ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் சுருள் மரை மட்டும்தான். நிற்கும் இடத்தில் இரண்டு சொட்டு விழும். அது நோய் இல்லை, அதன் சுபாவம்.

நம்பர் கே.எல்.கே. வரிசை, இடுக்கி மாவட்டம் பிறப்பதற்கு முன் பீர்மேடு கோட்டயத்தோடு இருந்த காலத்தது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றமில்லாமல் இருந்தால் விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஐந்து கியர் பெட்டி வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீமேக்கர் ஐயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் முதலில் இறங்கினேன். முன் கண்ணாடியை மடக்கிப் போடச் சொன்னார். இரண்டாம் கியரில், பிரேக்கை அதிகம் தொடாமல், எஞ்சினே பிடித்துக்கொண்டு இறங்கியது. லோயர் கேம்ப்பில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னே போன காய்கறி லாரி கிட்டத்தட்ட நின்றேவிட்டது. ஒன்றாம் கியர் தேவைப்பட்டது. நியூட்ரல், தட்டு, கிளட்ச். சத்தமில்லாமல் விழுந்தது. ஐயா என் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

இன்னும் மேலே மடக்கும் கூரையான ஹூட் துணி தைக்க வேண்டியிருக்கிறது. அதுவரை மழைக்காலத்தில் வெளியே எடுக்க மாட்டேன். ஆசாரி வெட்டிய அட்டை அச்சுகள் அத்தனையையும் எண் போட்டுப் பட்டறையில் வைத்திருக்கிறேன், போல்ட் அளவுகளையும் ஒரு நோட்டில் வரைந்திருக்கிறேன். டி.டி. வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் குமுளிக்கு வந்து படி எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஆசாரி அண்ணன் இப்போதும் கம்பத்தில்தான் இருக்கிறார், வேலை செய்யத் தயாராகவும் இருக்கிறார்.