பெங்களூரில் ஹாண்டிகேப் தேர்வுக்குத் தயாராவது: ஸ்விங்குக்கு முன்னால் படிக்க வேண்டியவை

பெங்களூரில் கோல்ஃப் கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தை டிரைவிங் ரேஞ்சிலேயே கழித்துவிடுகிறார்கள். பக்கெட் பக்கெட்டாகப் பந்து, முக்கால்வாசி டிரைவர் என்ற நீளமான மட்டையில். ஹாண்டிகேப் (உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறைந்தால் நல்லது) கேட்டு கிளப்புக்குப் போகும்போதுதான் அங்கே பார்க்கப்படுவது வேறு என்று தெரிகிறது. விதிகள் தெரியுமா, ஒரு ஸ்கோர் கார்டை ஒழுங்காக எழுதி முடிக்கத் தெரியுமா, பின்னால் வருகிற குழுவை நிற்க வைக்காமல் ஆடத் தெரியுமா என்று பார்ப்பார்கள். ரூல்ஸ் டெஸ்ட், மைதானத்தில் ஆடிக்காட்டும் டெஸ்ட் இரண்டும் வைக்கிற கிளப்கள் உண்டு. எத்தனை கேள்வி, எத்தனை ஹோல், யார் கூட வருவார் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பயிற்சியைத் தொடங்குங்கள்.

முதலில் கணக்கு. 2020-ல் வந்த உலக ஹாண்டிகேப் முறைப்படி முதல் ஹாண்டிகேப் கிடைக்க 54 ஹோல்களுக்கான கார்டு வேண்டும்; 18 ஹோலாகவோ 9 ஹோலாகவோ சேர்க்கலாம். அதிகபட்ச ஹாண்டிகேப் 54.0. ஒரு மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கப்படும் ஸ்கோர்) 71.2, ஸ்லோப் (மற்றவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்ற அளவு) 128 என்று வைத்துக்கொள்ளுங்கள். 104 ஆடினால், அதில் 71.2 போக 32.8. அதை 113-ஆல் (வழக்கமான மைதானத்தின் ஸ்லோப்) பெருக்கி 128-ஆல் வகுத்தால் 29.0. மூன்று கார்டு மட்டும் இருக்கும்போது மூன்றிலும் குறைந்த எண்ணை எடுத்து அதில் 2.0 கழிப்பார்கள். இந்த 29.0 தான் குறைந்தது என்றால் உங்கள் ஹாண்டிகேப் 27.0. மூன்றில் ஒரு ரவுண்ட் நன்றாக அமைந்தால் போதும், மற்ற இரண்டும் உங்களைக் கீழே இழுக்காது. இது தெரியாமல் முதல் கார்டு மோசமானதும் மனம் உடைந்து போகிறவர்கள் பலர்.

இன்னொன்று: ஹாண்டிகேப் கிடைக்கும்வரை ஒரு ஹோலில் பாரை (அந்த ஹோலுக்குத் தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கப்படும் ஸ்ட்ரோக், அதாவது அடிகளின் எண்ணிக்கை) விட 5 கூடுதல் வரைதான் கணக்கில் ஏறும். பார் 4 ஹோலில் 9-க்கு மேல் எழுத வேண்டியதில்லை. ஹாண்டிகேப்புக்காக ஆடும் சாதாரண ரவுண்டில் அந்த எண் தாண்டியதும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு (ஹோலைத் தொடங்கும் இடம்) நடக்கலாம். மொத்த அடிகளை எண்ணும் வழக்கமான ஸ்ட்ரோக் ப்ளே போட்டியில் அப்படிச் செய்ய முடியாது, பந்தைக் குழியில் போட்டே ஆக வேண்டும்.

இனி ஸ்ட்ரோக் எங்கே போகிறது என்பது. கார்டில் ஒவ்வொரு ஹோலுக்குப் பக்கத்திலும் மூன்று சின்ன எண் எழுதுங்கள்: எத்தனை பட் (குழியை நோக்கி உருட்டும் அடி), எத்தனை அபராதம், கிரீனுக்கு (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை) 50 யார்டு உள்ளே வந்தபின் எத்தனை ஸ்ட்ரோக். மூன்று ரவுண்டுக்குப் பிறகு கூட்டிப் பாருங்கள். 100-க்கு மேல் ஆடுகிறவரின் கார்டில் டிரைவர் தூரம் குறைந்ததால் போன ஸ்ட்ரோக் சொற்பமாகத்தான் இருக்கும். மூன்று பட் போட்ட ஹோல்கள், கிரீனுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறந்த சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் குறுந்தூர அடி), மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பைத் தாண்டிய பந்து, இவற்றில்தான் பத்துப் பதினைந்து கிடக்கும். பெங்களூரில் வளர்ந்த அதிதி அசோக் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார். தூரம் குறைவாக அடித்தவர்களில் அவரும் ஒருவர். வெண்கலத்துக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக் தூரம் வரை அவரைக் கொண்டுபோனது பட்டிங்.

ஆகவே வாரத்துக்கு 3 மணி நேரம் கிடைக்கிறது என்றால் ஒன்றரை மணியைப் பட்டிங்குக்கும் சிப்பிங்குக்கும் கொடுங்கள். ஒரு மணி அயர்னுக்கு (இரும்புத் தலை மட்டை). டீ ஷாட்டுக்கு மிச்சம் அரை மணி போதும்.

பட்டிங்கில் திசையை விடத் தூரம்தான் முதல் பாடம். 30 அடியிலிருந்து திசை ஒரு அடி தவறினாலும் அடுத்த பட் சுலபம். தூரம் 6 அடி தவறினால் அடுத்ததும் போகும். 5, 10, 15 நடைத் தூரத்தில் ஒவ்வொரு பந்தாக மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரே இடத்திலிருந்து பத்துப் பந்து அடித்தால் மூன்றாவது பந்துக்குப் பிறகு கை சும்மா முந்தியதைத் திருப்பிச் செய்கிறது, கண் தூரத்தை அளப்பதில்லை. மைதானத்தில் உங்களுக்கு இரண்டாவது பந்து கிடையாது. குறும் பட்டுக்கு, பட்டர் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு இரண்டு டீயை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சி) ஊன்றி, 3 அடியிலிருந்து தொடர்ந்து 20 போட வேண்டும். தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. 8 அடியில் தவறினால் வருந்தாதீர்கள். அந்தத் தூரத்தில் உலகின் முதல்நிலைத் தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறத்தாழ பாதிதான் போடுகிறார்கள்.

சிப் செய்யும்போது எடை முன்காலில், பந்து இரு பாதத்துக்கும் நடுவில், கை பந்துக்குச் சற்று முன்னால். பந்தைத் தூக்கிவிட முயல்வதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். தூக்கப் பார்த்தால் எடை பின்காலுக்குப் போகும், மட்டை தரையைப் பின்னாலேயே தொடும், அல்லது மேலேறும்போது பந்தின் இடுப்பில் பட்டுக் கத்தி மாதிரிப் பறக்கும். கிரீனுக்குள் ஒரு நடைத் தூரத்தில் பந்து விழ வேண்டும், மிச்சத்தை உருளவிட வேண்டும். சமதளக் கிரீனில் சாண்ட் வெட்ஜில் (முகம் மிகச் சாய்ந்த மட்டை) அடித்த பந்து பறந்த அளவே உருளும், பிட்சிங் வெட்ஜில் ஏறத்தாழ இரண்டு மடங்கு, 7 அயர்னில் மூன்று மடங்குக்கும் மேல். உங்கள் மைதானத்தில் ஒரு மாலை முழுக்க இதை அளந்து குறித்துவைத்தால் அந்தக் குறிப்பு வருடக்கணக்கில் உதவும்.

அயர்ன் பழகும்போது ரேஞ்சின் பச்சைப் பாயை நம்பாதீர்கள். பந்துக்கு 2 அங்குலம் முன்பே தரையைத் தொட்டாலும் பாயில் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைச் சுத்தமாக அடித்துவிடும். சத்தமும் நன்றாக இருக்கும். அதே ஸ்விங் புல்லில் மண்ணை அள்ளும், பந்து 30 யார்டு போகும். புல்தரை ரேஞ்ச் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் பந்துக்கு 4 அங்குலம் பின்னால் ஒரு சிறு துண்டை மடித்து வையுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். ரேஞ்ச் பந்துகள் பழசாகி இருக்கும், சில தூரம் குறைவாகப் போகிற ரகமாகவே வாங்கப்பட்டிருக்கும். அங்கே கிடைத்த தூரத்தை மைதானத்துக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

வலக்கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும் ஸ்லைஸ் வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: மட்டை போகும் பாதையை ஒப்பிட மட்டையின் முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம் முடிவு செய்கிறது. வளைவை முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி முடிவு செய்கிறது. இடப்பக்கம் குறிபார்த்து நின்றால் பாதை இன்னும் இடப்பக்கம் போகும், ஸ்லைஸ் கூடும். முதலில் கிரிப்பைப் பாருங்கள். இடக்கையின் இரண்டு முட்டிகள் மேலிருந்து தெரிய வேண்டும். ஒன்றுகூடத் தெரியாவிட்டால் முகம் மூட வாய்ப்பே இல்லை. டெஸ்ட் நெருங்கிவிட்டது, ஸ்லைஸ் போகவில்லை என்றால் டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு அதை விடக் குட்டையான 7 வுட்டோ ஹைபிரிடோ எடுங்கள். 160 யார்டு போய் ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் வெட்டிய புல்தரை) நிற்கிற பந்துக்கு அபராதம் கிடையாது.

இப்போது ரூல்ஸ். 2023 பதிப்பில் 25 விதிகள். அத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஆனால் எளிதாகத் தோன்றி தவறவைக்கிற இடங்கள் சில உண்டு.

வெள்ளைக் கம்புக்கு வெளியே போன பந்தும் காணாமல் போன பந்தும் ஒன்றுதான்: ஒரு ஸ்ட்ரோக் அபராதம், முன்பு அடித்த இடத்திலிருந்தே மறுபடி. டீயிலிருந்து என்றால் அது உங்கள் மூன்றாவது ஸ்ட்ரோக். தேட 3 நிமிடம் மட்டுமே. அதனால்தான் ப்ரொவிஷனல் பந்து, அதாவது முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆட முன்கூட்டியே அடித்துவைக்கும் மாற்றுப் பந்து. அதை அடிப்பதற்கு முன் 'ப்ரொவிஷனல்' என்ற சொல்லையோ அந்தப் பொருள் தெளிவாகத் தெரியும்படியோ சொல்ல வேண்டும். "சரி, இன்னொன்னு அடிக்கிறேன்" என்று மட்டும் சொல்லி அடித்தால் அந்த இரண்டாவது பந்தே ஆட்டத்தில் இருக்கும் பந்தாகிவிடும். முதல் பந்து ஃபேர்வே நடுவில் கிடைத்தாலும் பயனில்லை. பந்து தண்ணீருக்குள் போயிருக்க மட்டுமே வாய்ப்பு என்றால் ப்ரொவிஷனல் அடிக்கவே கூடாது.

தண்ணீர் மாதிரியான அபராதப் பகுதிகளைக் காட்டும் சிவப்புக் கம்பு, மஞ்சள் கம்பு இரண்டிலும் பந்தை வெளியே எடுக்க ஒரு ஸ்ட்ரோக் அபராதம். இரண்டிலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம், அல்லது கொடியையும் பந்து எல்லையைக் கடந்த புள்ளியையும் சேர்த்த கோட்டில் பின்னால் போகலாம். சிவப்பில் மட்டும் கூடுதலாக, கடந்த புள்ளியிலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் போடலாம். பந்து கிடக்கிற இடத்திலிருந்தோ தண்ணீர் தெறித்த இடத்திலிருந்தோ அளக்கக் கூடாது. சல்லகட்டாவில் உள்ள கர்நாடக கோல்ஃப் அசோசியேஷன் மாதிரி ஏரிகள் உள்ள மைதானத்தில் இது ஒரு ரவுண்டில் பல முறை வரும்.

கார் பாதை, தண்ணீர்த் தெளிப்பான் மாதிரியான நகராத பொருளிலிருந்து இலவச விடுதலை (அபராதமில்லாமல் பந்தை இடம் மாற்றும் உரிமை). முழுதாக விலகக்கூடிய மிக அருகிலுள்ள புள்ளியைக் கண்டு, அங்கிருந்து ஒரு மட்டை நீளம். மிக அருகிலுள்ள புள்ளி ஒரு புதருக்குள் இருந்தால் அதுதான் புள்ளி. பாதையின் மறுபக்கம் நல்ல புல் இருக்கிறதே என்று அங்கே போக முடியாது. முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும்.

மே மாத மழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும் பெய்யும் ஊரில் தேங்கிய தண்ணீர் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். நிற்கும் முன்போ நின்ற பிறகோ (காலை அழுத்தி மிதிக்காமல்) தண்ணீர் மேலே தெரிந்தால் இலவச விடுதலை. வெறும் சேறு போதாது. பங்கருக்குள் (மணல் பள்ளம்) தேங்கியிருந்தால் இலவசமாகப் பங்கருக்குள்ளேயே இடம் மாற்றலாம், வெளியே எடுக்க ஒரு ஸ்ட்ரோக். பங்கரில் பந்துக்குப் பின்னால் மட்டையை மணலில் ஊன்றினாலோ பயிற்சி ஸ்விங்கில் மணலைத் தொட்டாலோ இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். காய்ந்த இலையை எடுத்துப் போடலாம். மழைக்குப் பின் மணல் இறுகியிருக்கும்போது மட்டை முகத்தை அதிகம் திறக்காதீர்கள், அடிப்பாகம் துள்ளிப் பந்தை அடித்துவிடும்.

போட்டியில் சக ஆட்டக்காரரிடம் "எந்த மட்டைல அடிச்சீங்க?" என்று கேட்பது இரண்டு ஸ்ட்ரோக். "கொடிக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்கலாம், அது பொதுத் தகவல். உங்கள் கேடியிடம் (மட்டைப் பையைச் சுமந்து உடன் வந்து வழிகாட்டுபவர்) எதையும் கேட்கலாம். தமிழ் தெரிந்த கேடி கிடைப்பது இங்கே கஷ்டமில்லை. "அண்ணா, முன்னாடி பங்கரைத் தாண்ட எவ்வளவு? தாண்டலேன்னா எந்தப் பக்கம் போனா நல்லது?" என்று கேளுங்கள். வெறும் தூரத்தை விட இந்தக் கேள்விக்கு வரும் பதில் அதிக ஸ்ட்ரோக்கைக் காப்பாற்றும். கேடியின் அறிவை மதியுங்கள். 2009-ல் இந்தியன் ஓபனை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்து வந்தவர்தான்.

கார்டில் ஒவ்வொரு ஹோலின் எண்ணும் சரியாக இருப்பது உங்கள் பொறுப்பு. கூட்டல் கமிட்டியின் வேலை. ஆடியதை விடக் குறைத்து எழுதிய எண்ணோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தகுதி நீக்கம் (தெரியாமல் விட்ட அபராதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு). காற்றில் வீசிப் பந்தைத் தொடாமல் போனதும் ஒரு ஸ்ட்ரோக்தான்.

டெஸ்ட் நாளில் முன் டீயிலிருந்து ஆடக் கேளுங்கள், அனுமதித்தால். ஒவ்வொரு ஹோலின் பாரோடும் 2 சேர்த்து அதையே உங்கள் பார் என்று கார்டின் ஓரத்தில் எழுதுங்கள். பார் 72 மைதானத்தில் மொத்தம் 108. பார் 4-ல் 6 எழுதினால் சரியாக ஆடியிருக்கிறீர்கள், 5 என்றால் லாபம். இந்த ஒரு மாற்றத்தில் ஆட்டத்தின் சுகமே வேறாகிறது: 200 யார்டில் தண்ணீரைத் தாண்ட வேண்டிய கட்டாயம் போய், 120-உம் 80-உமாக இரண்டு நிம்மதியான ஸ்ட்ரோக் கிடைக்கிறது.

அவுட்டர் ரிங் ரோட்டைக் கடந்து வருகிறவர்கள் டீ டைமுக்கு 50 நிமிடம் முன்னால் மைதானத்தில் இருக்கும்படி கிளம்ப வேண்டும். அதில் 20 நிமிடம் பட்டிங் கிரீனில், முழுக்க நீண்ட பட்; அன்றைய கிரீன் வேகம் கைக்குப் பழக வேண்டும். பையில் 14 மட்டைக்கு மேல் இல்லை என்று எண்ணிவிடுங்கள். ஒரே மாதிரி 6 பந்து, ஒவ்வொன்றிலும் அழியாத பேனாவால் உங்கள் குறி. தவறான பந்தை அடித்தால் இரண்டு ஸ்ட்ரோக். பிட்ச் ஃபோர்க் சட்டைப்பையில். பந்து விழுந்த பள்ளத்தை ஓரங்களிலிருந்து நடுவுக்குத் தள்ளிச் சரிசெய்ய வேண்டும், அடியிலிருந்து நெம்பினால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும். தண்ணீர், ஒரு வாழைப்பழம், காய்ந்த துண்டு, இரண்டாவது கிளவ்.