எர்னி பார்ன்ஸ் வரைந்த கைகள்

எர்னி பார்ன்ஸ் அமெரிக்கக் கறுப்பின ஓவியர், அதற்கு முன் விளையாட்டு வீரர். அவர் வரைந்த படங்களில் யாருக்கும் கை கால் அளவாக இருக்காது. கூடைப்பந்து போடுகிறவன் கை வளையம் வரை நீண்டுகொண்டே போகும். ஓடுகிறவன் முதுகு வில்லாக வளைந்திருக்கும். ஓவியம் படித்தவர்கள் இதற்கு ஐரோப்பாவின் பழைய பாணி ஒன்றைக் காரணமாகச் சொல்வார்கள். காவேரிப்பட்டணம் பக்கம் மண் களத்தில் கபடி ஆடி வளர்ந்த எனக்கு அது தேவைப்படவில்லை. ரெய்டு போய், நாலு பேர் மேலே விழுந்து அமுக்கும்போது, நடுக்கோட்டைத் தொடக் கையை நீட்டிப் பாருங்கள். அந்த நேரத்தில் கை நிஜமாகவே நீளம்தான்.

பார்ன்ஸ் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். இவர் நின்ற இடத்தில் அதுவும் கிடையாது. முன்வரிசையில் நின்று, எதிராளி உள்ளே வராமல் மோதித் தடுக்கும் வேலை.

பிறந்தது 1938இல், வட கரோலினாவின் டர்ஹாமில். அப்பா புகையிலைக் கம்பெனியில் வேலை பார்த்தார். அம்மா ஒரு வக்கீல் வீட்டில் வீட்டுவேலை செய்தார். அந்த வீட்டு நூலகத்தில்தான் பையன் ஓவியப் புத்தகங்களைப் புரட்டினான். குண்டாக, கூச்சத்தோடு இருந்ததால் பள்ளியில் அடி, கிண்டல். ஒளிந்து உட்கார்ந்து நோட்டில் வரைந்துகொண்டிருந்தவனைக் கொத்து வேலை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் பார்த்து, எடை தூக்கப் பழக்கினார். பள்ளி முடிக்கும்போது அவன் கால்பந்து அணியின் கேப்டன், குண்டு எறிதலில் மாநிலச் சாம்பியன். நானும் பி.டி. மாஸ்டர் என்பதால் இந்த இடத்தை நாலு முறை படித்தேன், அதற்கென்ன?

கல்லூரியில் எட் வில்சன் என்ற சிற்பி ஓவிய ஆசிரியராக அமைந்தார். ஆடும்போது உன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கவனி, அதை வரை என்றார். அந்த நீண்ட கைகளெல்லாம் அங்கிருந்து வந்தவை.

எங்கள் பள்ளியில் ஒரு பையன் கபடிப் படம் வரைந்திருந்தான். ஓவிய ஆசிரியர் பார்த்துவிட்டு, "கை எதுக்குடா முழங்காலைத் தாண்டுது?" என்றார். "கோட்டைத் தொடணும்ல சார்" என்றான். நான் போனில் பார்ன்ஸ் படங்களை எடுத்துக் காட்டி, "சார், இவன் ரெய்டர், விட்டுடுங்க" என்றேன். "அளவு கத்துக்கிட்டு அப்புறம் மீறட்டும்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஆனாலும் அந்தப் படத்தில் உயிர் இருந்தது கைக்குத்தான்.

1956இல், பதினெட்டு வயதில், பார்ன்ஸ் வட கரோலினா கலை அருங்காட்சியகத்துக்குப் போய், கறுப்பினத்தவர் வரைந்த ஓவியங்கள் எங்கே என்று கேட்டார். உங்கள் ஆட்கள் அப்படியெல்லாம் தங்களை வெளிப்படுத்துவதில்லை என்று பதில் வந்தது. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது.

இடையில் நியூயார்க், சான் டியேகோ, டென்வர் என்று தொழில்முறை ஆட்டம். டென்வரில் அணிக் கூட்டம் நடக்கும்போது படம் வரைந்ததற்கு அபராதம் போட்டார்கள். சக வீரர்கள் பழைய டச்சு ஓவியர் ஒருவரின் பெயரைச் சேர்த்து 'பிக் ரெம்பிராண்ட்' என்று கூப்பிட்டார்கள். 1965இல் பாதம் முறிந்தது, ஆட்டம் முடிந்தது. அப்போது நியூயார்க் ஜெட்ஸ் அணியின் உரிமையாளர் சோனி வெர்ப்ளின் ஒரு காரியம் செய்தார். ஆட வேண்டாம், வரை என்று ஆட்டக்காரனுக்குரிய சம்பளத்தைக் கொடுத்தார். 1966இல் நியூயார்க்கில் கண்காட்சி. நம் பக்கம் முழங்கால் போன கபடிக்காரனுக்கு மிஞ்சுவது ஒரு சால்வையும் குரூப் போட்டோவும்.

அவர் பெயரை உலகம் அறிந்தது 'தி சுகர் ஷாக்' படத்தால். நெருக்கியடித்து ஆடும் கூட்டம், எல்லோர் கண்ணும் மூடியிருக்கும். ஒருவர் மனிதத்தன்மையை மற்றவர் பார்ப்பதில்லை, அதனால்தான் மூடுகிறேன் என்பார். 2022இல் அது 1.5 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. ஏலக்காரர்கள் மதிப்பிட்டது அதிகபட்சம் 2 லட்சம்தான்.

எனக்குப் பிடித்தது வேறு. 1959இல் ஒரு சாம்பியன்ஷிப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்த கையோடு வரைந்த 'தி பெஞ்ச்'. ஆட்டக்காரர்கள் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தர்மபுரியில் மாவட்டப் போட்டிகளுக்குப் போய், மாற்று ஆட்டக்காரனாகக் கடைசி வரை உட்கார்ந்தே திரும்பியிருக்கிறேன். அந்த முதுகுகளை எனக்குத் தெரியும். 2009இல் இறக்கும் வரை பார்ன்ஸ் அதை விற்கவே இல்லை. 2014இல் அவர் மனைவி அதைக் கால்பந்து வீரர்களுக்கான 'ஹால் ஆஃப் ஃபேம்' அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.