காற்றுப் போன பந்து

"பந்துக்குக் காற்றுப் போய்விட்டது சேர்" என்றாள் அந்தப் பிள்ளை.

"நீ வளர வளரக் காற்று ஏறும்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தரையில் நான் வரைந்திருந்த பந்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டாள். தரம் இரண்டு படிப்பவளாக இருக்கும்.

நான் சொன்னது பொய்யல்ல. பொய்யாக இருந்திருந்தால் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

தரையில் வரையும் முப்பரிமாணப் படம் ஒரே ஒரு கண்ணுக்காக வரையப்படுவது. 160 சென்ரிமீற்றர் உயரத் தடியை நட்டு, அதன் உச்சி ஆணியில் நூலைக் கட்டினேன். இரண்டு மீற்றர் தள்ளி 80 சென்ரிமீற்றர் உயரப் பந்து நிற்பதாக வைத்துக்கொண்டு, அதன் உச்சியைத் தொட்டுப்போகும்படி நூலை இழுத்தால், அது நான்காவது மீற்றரில் தரையைத் தொடும். அங்கே வெண்கட்டியால் புள்ளி. அப்படிப் புள்ளி புள்ளியாகச் சேர்த்தால் தரையில் கிடப்பது இரண்டு மீற்றர் நீளமான நீற்றுப்பூசணிக்காய். தடி நின்ற இடத்தில் வரைந்த காலடி அடையாளத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் உருண்டைப் பந்து எழுந்து நிற்கும்.

பார்ப்பவரின் கண் 110 சென்ரிமீற்றரில் இருந்தால் அதே பந்தின் உயரம் 55 ஆகிவிடும். அகலம் மட்டும் 80 ஆகவே இருக்கும். அதாவது, சப்பை. பிள்ளை கண்டது சரி. அவள் வளர்ந்தால் பந்தும் உயரும் என்பதும் சரி.

ஆனால் அது ஆரம்பப் பாடசாலை. ஐந்தாம் தரத்துடன் பிள்ளைகள் வெளியேறிவிடுவார்கள். அந்த வயதிலும் பந்து முழு உருண்டையாகத் தெரியாது.

திறப்பு விழாவுக்கு வரும் விருந்தினர்கள் நின்று படம் எடுப்பார்கள், படம் நன்றாக விழவேண்டும் என்று அதிபர் சொல்லியிருந்தார். அதில் தவறில்லை. இரண்டு கண்ணாலும் பார்த்தால் தரை தரையாகவே தெரிந்துவிடும். ஒற்றைக் கண் கொண்ட கைத்தொலைபேசிக்குத்தான் இந்த ஓவியம் முழுமையாக வசப்படும். அதைப் பிடிப்பவர் பெரியவர். பிள்ளையின் கண்ணுக்கு அதே பந்தை வரைய வேண்டுமானால் நூல் ஏழு மீற்றருக்கும் அப்பால் போய் விழும். மேடைக்கு முன்னால் இருந்ததோ ஐந்து மீற்றர்.

இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் பந்தை 50 சென்ரிமீற்றராகக் குறைத்திருந்தால் நான்கு மீற்றருக்குள்ளேயே அடங்கியிருக்கும். அந்தக் கணக்கை நான் போட்டது வேலை முடிந்து வீட்டுக்கு வந்த இரவில்தான். தடியை வெட்டும்போது யாருடைய கண் என்ற கேள்வியே எழவில்லை. என் கண்ணுக்கு நேரே அடையாளம் வைத்து வெட்டினேன்.

உரோம் நகரின் புனித இக்னேசியஸ் தேவாலயத்தில், 1685இல் அந்திரேயா பொட்சோ தட்டையான துணியில் ஒரு குவிமாடத்தை வரைந்தார். எங்கே நின்று பார்த்தால் அது மேலெழும் என்பதற்குத் தரையில் அடையாளம் உண்டு. அது தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருப்பதால் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். காலடியில் கிடக்கும் படம்தான் ஆளின் உயரத்தை இப்படிக் கறாராக அளக்கிறது. கூரைக்கு வரைந்திருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது என்று ஒரு நாள் நினைத்தேன். பிறகு அந்த நினைப்பும் பிடிக்கவில்லை.

நல்லூரில் சுவாமி வெளிவீதி வரும்போது பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் தகப்பன் என்ன செய்வார்? தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்று எவரும் சொன்னதை நான் கேட்டதில்லை. அன்று மேடையோரம் கதிரைகள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றை இழுத்துக் காலடி அடையாளத்தில் போட்டு அவளை ஏற்றிவிட அரை நிமிடம் போதும். என் கையில் பெயின்ற் இருந்தது உண்மை. ஆனால் பக்கத்தில் நின்றவர்களின் கைகள் சுத்தமாகத்தான் இருந்தன; நான் கேட்டிருக்கலாம்.

சில மாதங்கள் கழித்து வேறு வேலைக்காக அங்கே போனேன். பந்து நிறம் குறையாமல் கிடந்தது. எல்லோரும் ஏறி நின்றதால் காலடி அடையாளம்தான் தேய்ந்து போயிருந்தது. இடைவேளை மணி அடித்தது. வெள்ளைச் சீருடைகள் அந்தப் படத்துக்குக் குறுக்கே ஓடின. அவளைத் தேடினேன். முகம் பிடிபடவில்லை.