லெட் வைக்கப் பழகும்போது அடுத்தவர் போர்டையும் பாருங்கள்

சால்டரிங் (லெட் என்று நாம் சொல்லும் சால்டர் கம்பியை அயர்னால் உருக்கி, பாகங்களின் கால்களை போர்டில் ஒட்டுவது) பழகுகிறவர் தன் போர்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கை சீக்கிரம் தேறாது. சர்க்யூட் ஓடிவிட்டால் அதற்குமேல் ஜாயிண்டை, அதாவது லெட் வைத்து ஒட்டிய இடத்தை, யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஓடாவிட்டால் எல்லா ஜாயிண்டையும் மறுபடி சூடாக்கிவிடுகிறோம். எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போகிறது. இன்னொருவரின் போர்டு கைக்கு வந்தால் அப்படித் தப்பிக்க முடியாது. அயர்னைத் தொடாமல், எந்த ஜாயிண்ட் சரியில்லை, ஏன் என்று எழுதித் தர வேண்டும். நன்றாகக் கற்ற பிறகுதான் கருத்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். பழகும்போதே சொல்வதில்தான் பயன் அதிகம்.

இரண்டு மூன்று பேர் ஒரே சர்க்யூட்டைச் செய்தால் ஒப்பிடுவது எளிது. 555 என்ற டைமர் ஐசியை வைத்து எல்ஈடி சிமிட்டும் சர்க்யூட்டே போதும். 9 வோல்ட் பேட்டரி, 8 கால் ஐசி பேஸ், டைமிங்குக்கு 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 5-வது காலுக்கு 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 3-வது காலிலிருந்து கிரவுண்டுக்கு (பேட்டரி மைனஸுக்கு) 470 ஓம் ரெசிஸ்டரும் எல்ஈடியும். வினாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை சிமிட்டும். டாட் போர்டு (துளைகளைச் சுற்றி பேடு எனும் செம்பு வளையங்கள் உள்ள பலகை), 25 வாட் அயர்ன், 0.8 மி.மீ. 60/40 லெட் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்).

போட்டோ அனுப்புவதானால் ஃபிளாஷ் போடக் கூடாது. பளபளப்பில் விரிசலும் தெரியாது, விளிம்பும் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, சுத்தம் செய்வதற்கு முன் ஒன்று, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு துடைத்தபின் ஒன்று என எடுக்க வேண்டும். முதல் படம் எதற்கென்றால், படிந்திருக்கும் ஃப்ளக்ஸின் (லெட் நன்றாக ஒட்டுவதற்காக அதனுள் இருக்கும் பிசின்) நிறம் சூட்டைச் சொல்லிவிடும். தேன் நிறமாக இருந்தால் சரி. கருகியிருந்தால் டிப் (அயர்னின் முனை) அங்கே அதிக நேரம் நின்றிருக்கிறது.

“நல்லா இருக்கு” என்று எழுதினால் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. எந்த இடம், என்ன தெரிகிறது, எதனால் இருக்கலாம், எப்படிச் சரிபார்ப்பது என்ற நான்கும் வேண்டும். உதாரணமாக: “68 கே ரெசிஸ்டரின் ஐசிப் பக்கக் கால். லெட் உருண்டையாக நிற்கிறது, அடியில் செம்பு வளையம் தெரிகிறது. பேடு சூடாகவில்லை போலிருக்கிறது. எல்ஈடி சிமிட்டும்போது பிளாஸ்டிக் குச்சியால் காலை லேசாக அசைத்துப் பாருங்கள்.”

இப்படி எழுத உட்கார்ந்தால்தான் உருண்டையில் இரண்டு வகை இருப்பது கண்ணில் படும். லெட் அதிகமாகப் போனதால் வரும் உருண்டை ஒன்று. அதன் விளிம்பு பேடில் முழுக்கப் பரவி ஒட்டியிருக்கும். பார்க்க அழகில்லை, மின்சாரத்துக்குக் குறைவில்லை. மற்றொன்றில் விளிம்பு உள்நோக்கி மடங்கி, இலைமேல் நிற்கும் நீர்த்துளிபோல் இருக்கும். இது பேடில் ஒட்டவே இல்லை. டிப்பைக் காலிலும் பேடிலும் ஒருசேரத் தொட்டு, 2 வினாடி கழித்து எதிர்ப்பக்கம் லெட் கொடுத்தால் இது வராது. உருண்டையின் உயரத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள்.

சுருக்கம் விழுந்த ஜாயிண்ட் வேறு கதை. 60/40 லெட் 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 டிகிரிக்குப் பக்கத்தில்தான் முழுக்க உருகும். ஆறும்போது அந்த இடைவெளியில் கூழாக நிற்கிறது. அப்போது கால் அசைந்தால் மேற்பரப்பு சுருங்கிவிடும். பழகுகிறவர்கள் இதற்கும் சூடு போதவில்லை என்றே எழுதுவார்கள். உண்மையில் போர்டை இறுகப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போர்டு நடந்துகொள்ளும் விதத்திலிருந்தும் ஜாயிண்டைத் தேடலாம். எல்ஈடி சிமிட்டாமல் நிலையாக எரிகிறதென்றால் முதலில் 1, 2-வது கால்களுக்கு நடுவே பாருங்கள். அங்கே லெட் பாலம் போட்டிருந்தால் 2-வது காலான டிரிகர், 1-வது காலான கிரவுண்டிலேயே மாட்டிக்கொள்ளும். அவுட்புட் (3-வது கால்) கீழே இறங்காது. ஐசியும் சுடுகிறதென்றால் சந்தேகம் 3, 4-வது கால்களுக்கு. 4-வது கால் பேட்டரி பிளஸ்ஸில் இருப்பதால், அவுட்புட் இறங்க முயலும்போதெல்லாம் ஐசி வழியே கரண்ட் பாயும். பேட்டரியை உடனே கழற்றச் சொல்லுங்கள்.

எழுதியது சரியா என்று போர்டுக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பதில் வராவிட்டால் பாதிப் பயன் போய்விடும். மல்டிமீட்டர் பீப் அடித்தது என்பது மட்டும் பதிலாகாது. பட்டும் படாமல் இருக்கும் காலுக்கும் பீப் வரும். சப்ளை ஓடும்போது அசைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. இது 9 வோல்ட் போர்டுக்கு மட்டும். மெயின்ஸில் (வீட்டு மின்சாரத்தில்) ஓடும் எதையும் இப்படித் தொடக் கூடாது.

போர்டு வாங்கியதும் எந்த லெட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈயம் கலக்காத லெட் பெரும்பாலும் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆறினால் இயல்பாகவே மங்கலாக, மணல்மணலாக இருக்கும். பளபளப்பு இல்லை என்பதற்காக அதை டிரை சால்டர் (சரியாக ஒட்டாத ஜாயிண்ட்) என்று எழுதிவிட்டால், அவர் நல்ல ஜாயிண்டை மறுபடி மறுபடி சூடாக்குவார். சாதாரண டாட் போர்டில் துளைக்குள் செம்புப் பூச்சு இல்லை. பேடு பசையின் பிடியில்தான் நிற்கிறது. இரண்டு மூன்று முறை அதிகச் சூடு பட்டால் கையோடு பெயர்ந்து வந்துவிடும். ஈயம் கலக்காத ஜாயிண்டிலும் விளிம்பு ஒட்டியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து எழுதுங்கள்.