அடுக்களையும் பூசை அறையும்

ஆங்கிலத்தில் எழுதும் இந்திய நாடகாசிரியர் மகேஷ் தத்தானியின் ‘ஃபைனல் சொல்யூஷன்ஸ்’ நாடகத்தில், கதை நடக்கும் ரம்னிக் காந்தி குடும்பத்தின் வீட்டுக்கு மேடையில் சுவர்கள் கிடையாது. நாற்காலி மேசைகளுக்குப் பதிலாக மரக்கட்டைகளே போதும், ஆனால் அடுக்களையும் பூசை அறையும் மட்டும் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று அவர் மேடைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பாளையங்கோட்டையில் நாங்கள் ஆங்கில முதுகலை படித்தபோது இந்த நாடகத்தைப் பாடம் நடத்திய பேராசிரியர், கதைக்குள் நுழையும் முன்பு இந்தக் குறிப்பைப் பற்றியே ஒரு வகுப்பு முழுவதும் பேசினார். கலவரம் தெருவில் எரிந்தாலும் அதற்கான விறகு எந்த அறையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் ஆசிரியர் காட்டுகிறார் என்றார். கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தார் தங்கள் மலருக்கு நினைவுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது அந்த வகுப்புதான். விடுதியைப் பற்றியும் தாமிரபரணிக் குளியலைப் பற்றியும் மற்றவர்கள் நிச்சயம் எழுதுவார்கள்.

1993இல் பெங்களூரில் முதன்முதலாக மேடையேறிய நாடகம் அது. தத்தானிக்கு 1998இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்த பிறகே எங்களைப் போன்றவர்களின் கைக்கு அது வந்து சேர்ந்தது. தேர் ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டுக் கலவரம் மூள்கிறது. கும்பலிடமிருந்து தப்பி ஓடிவரும் பாபி, ஜாவேத் என்ற இரண்டு முஸ்லிம் இளைஞர்களுக்கு ரம்னிக் காந்தி கதவைத் திறந்துவிடுகிறார். அவருடைய மனைவி அருணாவும் மகள் ஸ்மிதாவும் தாயார் ஹர்திகாவும் அந்த ஓர் இரவில் ஒருவரையொருவர் புதிதாகப் பார்க்க நேர்கிறது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரின் வடம் பிடித்து வளர்ந்தவர்களுக்குத் தேரும் கலவரமும் ஒன்றாக வருவதை ஏற்பது எளிதாக இல்லை. இது வடநாட்டுச் சங்கதி, நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றுதான் வகுப்பில் பலர் பேசினோம்.

தண்ணீர்க் காட்சி வந்தபோது அந்தப் பேச்சு நின்றுபோனது. வந்தவர்களுக்குக் கொடுத்த தண்ணீர்த் தம்ளர்களை அருணா இரண்டு விரல் நுனியால் எடுத்துக்கொண்டு போய், வீட்டிலுள்ள மற்றத் தம்ளர்களோடு சேராமல் தனியே வைக்கிறாள். இதற்கு வசனமே கிடையாது. முன்திண்ணையான தார்சா, கூடமான பட்டாசல், உள்பகுதியான இரண்டாங்கட்டு, அடுக்களை, பாத்திரம் கழுவும் அங்கணம் என்று நீண்டு போகும் நெல்லை வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேற்று மதத்துச் சிநேகிதர் தார்சாவில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசலாம். பெருநாளும் பொங்கலும் வந்தால் தூக்குவாளிகள் இரு பக்கமும் போய்வரும். ஆனால் இரண்டாங்கட்டைத் தாண்டும் உரிமை யாருக்கு உண்டு என்பது யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேலப்பாளையத்திலிருந்து வந்து படித்த முஸ்லிம் தோழர் ஒருவர் தம் பக்கத்தில் இருந்தவரிடம், “உங்க வீட்டுத் தார்சா எனக்கு நல்லாத் தெரியும்டே. அடுக்களை எந்தப் பக்கம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது” என்றார். அதில் வருத்தம் இருந்ததே தவிரப் பகைமை இல்லை. நாசரேத் பக்கத்துத் தோழி ஒருவர், தம் பாட்டியின் உடன்பிறந்த தம்பி வீட்டிலிருந்து கோயில் கொடை விழாவுக்குப் பிறகு வரும் படைப்புச் சோற்றைப் பாட்டி வாங்கி வைத்துக்கொள்வார், ஆனால் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், உண்ணலாகாது என்று வீட்டில் யாரையும் தொட விடமாட்டார் என்று சொன்னார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவர் கோயிலுக்கும் ஒருவர் வேதக்கோயிலுக்கும் போவது நம் தென்பகுதியில் புதிதல்ல என்பதால், இந்த நாடகத்தை வீட்டுக்குள் வைத்துப் பேசுவதற்கு எங்களைவிடப் பொருத்தமான வகுப்பு அமைந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

துறை விழாவில் அதன் சில காட்சிகளைத் தமிழில் நடித்தோம். கும்பலாக வருபவர்கள் ஐந்தே பேர்தான். ஆனால் குச்சியில் பிடித்துக்கொள்ளும் முகமூடிகள் பத்து, ஐந்து இந்து, ஐந்து முஸ்லிம். அதே ஐவர் ஒரு முகமூடியைத் தாழ்த்தி மற்றொன்றை உயர்த்தியதும் எதிர்த்தரப்பாகிவிடுகிறார்கள். அட்டைப் பெட்டிகளை வெட்டி, மூங்கில் சிம்பில் கட்டி, விடுதி மொட்டைமாடியில் வண்ணம் காய வைத்தோம். கிருஷ்ணர் விக்கிரகத்தைப் பாபி கையில் எடுக்கும் காட்சியில்தான் எங்களுக்குத் தயக்கம். அந்த வேடம் மேலப்பாளையத்துத் தோழருக்கு விழுந்திருந்தது. செய்தி அறிந்து அவருடைய வாப்பா கல்லூரிக்கே வந்துவிட்டார். மகன் விக்கிரகத்தைத் தொடக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் அனைவரும் எண்ணி நின்றோம். பேராசிரியர் காட்சியை விளக்கி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நடிப்புதானே சார், செய்யட்டும். ஆனா மரியாதையாத் தூக்கச் சொல்லுங்க. பாக்க வாறவங்க மனசு நோகக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மேடையில் எங்கள் தோழர் அந்தச் சிறிய விக்கிரகத்தை இரண்டு கைகளையும் குவித்துத்தான் எடுத்தார்.

இந்த நாடகத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஜாவேதையும் ரம்னிக்கையுமே அதிகம் பேசுகிறார்கள். என் கருத்தில் அருணாவே ஆழமான பாத்திரம். அவளுக்கு யார் மேலும் வெறுப்பு இல்லை. தன் தாயிடமிருந்து பெற்ற ஆசாரத்தை மகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கவலைதான் உண்டு. அந்த ஆசாரம் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று ஸ்மிதா வெளியாட்கள் முன்னிலையில் சொல்லும்போது அருணா இழப்பது மதத்தையல்ல, மகளை. அக்காட்சியை எழுதிய அளவுக்குப் பின்பகுதி விவாதங்களைத் தத்தானி எழுதவில்லை. அங்கே பாத்திரங்கள் வாழ்வதைவிட வாதாடுவதே மிகுதி. இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’ நாடகத்திலும் மதமும் தந்தை மக்கள் பூசலும் ஒன்றில் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. ஆனால் அது அரண்மனை. நம் வீட்டு அங்கணத்துக்குள் வந்து நின்றது தத்தானியின் நாடகம்தான்.

ஹர்திகாவின் கதை இதைவிடக் கடுமையானது. 1948இல் தக்‌ஷா என்ற பெயரோடு நாட்குறிப்பு எழுதிய அந்தச் சிறுமிக்கு ஜரீன் என்ற முஸ்லிம் தோழி இருந்தாள். அக்குடும்பம் தன்னை அவமதித்து ஒதுக்கிவிட்டது என்ற வடுவை அவள் நாற்பது ஆண்டுகள் சுமக்கிறாள். ஜரீனுடைய தந்தையின் கடையைக் கலவரத்தைச் சாக்கிட்டு எரித்தவர்கள் தன் கணவரும் மாமனாருமே என்பது அவளுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. ரம்னிக்குக்கு அது முன்பே தெரியும். ஜாவேதுக்குத் தன் கடையிலேயே வேலை தர அவர் முன்வருவதன் காரணமும் அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. தாய்க்குத் தாங்காது என்று மகன் மறைத்த அந்த ஒரு செய்தி, அவளுடைய வெறுப்புக்கு ஆயுள் முழுவதும் தீனி போட்டிருக்கிறது.

நம் வட்டாரத்திலும் வீட்டுக்கு வீடு இப்படிப் பாதிக் கதைகள் உண்டு. 1981இல், அன்று நெல்லை மாவட்டத்தில் இருந்த மீனாட்சிபுரத்தில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் பல இஸ்லாத்தைத் தழுவியதைப் பற்றி, வெளிநாட்டுப் பணம் செய்த வேலை என்ற பேச்சைத்தான் பல வீடுகளில் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தார்கள். அம்மக்கள் பட்ட சாதி இழிவு அப்பேச்சில் இடம்பெற்றதே இல்லை. இன்று துபாயிலும் லண்டனிலும் இருக்கும் நம் தலைமுறையின் குடும்ப வாட்ஸப் குழுக்களில் சுற்றும் செய்திகளும் அதே பாதிக் கதைகளே. வயதில் மூத்த சித்தப்பாவோ அத்தையோ அனுப்பிவிட்டால் மறுத்து எழுத நமக்கு வாய் வருவதில்லை. ஸ்மிதாவுக்கு அந்தத் துணிவு வர ஓர் இரவும் இரண்டு அந்நியர்களும் தேவைப்பட்டார்கள்.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. கல்லூரிக்குக் கட்டடமும் கணினியும் வழங்கும் நம் நிதியில் ஒரு சிறு பங்கை ஆங்கிலத் துறையின் நாடகக் குழுவுக்கு ஒதுக்கி, இந்த நாடகத்தை முழுமையாகத் தமிழில் மேடையேற்றச் செய்ய வேண்டும். ஒத்திகை நடக்கும் நாட்களில் நடிகர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைத்தால், முதல் ஆண்டின் செலவில் என் பங்கை உடனே அனுப்பி வைக்கிறேன்.